டென்ஷனரை முழுசாக மாற்றத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்விகள்: உச்சிப்புளி மெக்கானிக்கின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. எஞ்சினுக்குள் பெல்ட்டையோ செயினையோ இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் என்ற பாகம் தேய்ந்துவிட்டது, முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள், செலவைக் குறைக்க வழி உண்டா என்று. உண்டு. ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே வழி இல்லை. அதனால் கேள்விகளைச் சேர்த்துவிடாமல் தனித்தனியாகவே பதில் எழுதுகிறேன்.

*

கீழக்கரை வாசகர்: பழைய டுகாட்டி மான்ஸ்டர் ஒன்றை சென்னையில் நண்பரிடம் வாங்கினேன். இரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள ஏர்கூல் எஞ்சின். டைமிங் பெல்ட் மாற்றக் கொடுத்தபோது டென்ஷனர் ரோலர்களில் சத்தம் வருகிறது, நான்கையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு இங்கே ஓடும் நிலையில் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கிவிடலாம். ரோலருக்குள் இருக்கும் பேரிங்கை மட்டும் மாற்றக் கூடாதா அண்ணே?

மாற்றலாம். ஆனால் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் எஞ்சினின் மூதாதை 1970களின் கடைசியில் ஃபாபியோ தாலியோனி வடிவமைத்த பாண்டா (Pantah) எஞ்சின். டுகாட்டி தன் ரோட்டு வண்டிகளில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டைப் பல் வைத்த ரப்பர் பெல்ட்டால் சுழற்றத் தொடங்கியது அதிலிருந்துதான். சிலிண்டருக்கு ஒரு பெல்ட். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் இரண்டு ரோலர்: ஒன்று இடம் மாறாதது, இன்னொன்று நகர்த்தி இறுக்கக் கூடியது. அதனால்தான் உங்களிடம் நான்கு என்றார்கள்.

ரோலர் என்று நாம் சொல்வது ஒரு உலோக வளையம், அதன் நடுவில் ஒரு சீல் பேரிங், அவ்வளவுதான். பெல்ட்டின் வழுவழுப்பான முதுகு அந்த வளையத்தின் மேல் ஓடுகிறது. வளையம் அவ்வளவு எளிதில் தேயாது. தேய்வது பேரிங். உள்ளே இருக்கும் கிரீஸ் வருடக் கணக்கில் சூட்டில் காய்ந்துபோகும். பெல்ட்டைத் தேவைக்கு மேல் இறுக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். நம் கடற்கரையில் மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. வண்டியை ஓட்டாமல் மாதக் கணக்கில் போர்வை போட்டு நிறுத்தி வைப்பது. உப்புக் காற்றின் ஈரம் போர்வைக்குள் தங்கி, நின்ற இடத்திலேயே குண்டுகளில் துரு பிடிக்கும். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்களின் வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன்.

பெல்ட்டைக் கழற்றியதும் ஒவ்வொரு ரோலரையும் காதோரம் வைத்து விரலால் சுழற்றுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல், கிரீஸின் லேசான பிடிப்போடு சுற்றி நிற்கும். சர்ரென்று வெகுநேரம் சுற்றினால் அதை நல்லது என்று நினைக்காதீர்கள், உள்ளே கிரீஸ் இல்லை என்று அர்த்தம். மணல் அரைபடுவது போல விரலுக்குத் தட்டினால் பேரிங் போய்விட்டது. வளையத்தைப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். பிறகு பெல்ட் ஓடும் முகத்தை நகத்தால் தடவுங்கள். துருப் புள்ளியோ கீறலோ நகத்தில் மாட்டினால் அந்த ரோலரை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குங்கள். சொரசொரப்பான முகம் புது பெல்ட்டைத் தின்றுவிடும். அந்த ஒன்றில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

முகம் நன்றாக இருந்தால், பேரிங்கைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பாருங்கள். சர்க்கிளிப் (பள்ளத்தில் மாட்டும் கம்பி வளையம்) இருந்தாலோ, வெறும் அழுத்தத்தில் உட்கார்ந்திருந்தாலோ மாற்றலாம். விளிம்பை மடக்கி நசுக்கி மூடியிருந்தால் விட்டுவிடுங்கள். அதை நிமிர்த்தித் திரும்ப மடக்கினால் பழைய பலம் வராது.

பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை உங்களுக்கே படிக்கத் தெரிந்தால் கடையில் யாரையும் நம்பி நிற்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு இலக்கம் நடுத்துளையின் அளவு. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும், 04 என்றால் 20. முன்னால் இருக்கும் இரண்டு இலக்கத்தில் முதலாவது பேரிங்கின் வகை, அடுத்தது உடம்பின் பருமன். 6203க்கு உள் 17, வெளி 40, தடிமன் 12. 6003க்கு அதே உள் 17, ஆனால் வெளி 35, தடிமன் 10. எண் அழிந்திருந்தால் இந்த மூன்று அளவையும் வெர்னியரில் எடுத்துக்கொண்டு போங்கள், ராம்நாட்டிலோ மதுரையிலோ எந்த பேரிங் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகர மூடி. 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். நம் ஊருக்கு ரப்பர் சீல்தான். தகர மூடியின் இடுக்கு வழியாக ஈரம் உள்ளே போகும். சி3 என்று இருந்தால் உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது என்று பொருள், சூட்டில் ஓடும் இடத்துக்கு அப்படிச் செய்வார்கள். பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். எஸ்கேஎஃப், என்பிசி, எஃப்ஏஜி எதுவானாலும் சரி, பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள். டப்பா மட்டும் அசலாக இருக்கும் பேரிங்குகள் நிறைய உலவுகின்றன. இந்த இடத்தில் அதை நம்பி ஓட்ட முடியாது. நல்ல பேரிங் நான்கு வாங்கினாலும் முழு ரோலர்களின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இனி வேலை. பழையதைத் தட்டி எடுக்காமல் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். புதியதை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ரோலரைக் கொதிக்கும் தண்ணீரில் சூடாக்கித் துடைத்து, உடனே உட்கார வையுங்கள். பெரும்பாலும் கை அழுத்தத்திலேயே முக்கால்வாசி போய்விடும். மீதியைத் தள்ளும்போது பலம் முழுக்க பேரிங்கின் வெளி வளையத்தின் மேல் மட்டும் இறங்க வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் அந்தப் பலம் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் குழி விழும். புது பேரிங் போட்ட அன்றே செத்துவிடும். பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே நடுவில் வைத்து அழுத்தினால் அளவு சரியாகப் பொருந்தும்.

பேரிங் ரோலருக்குள் லூசாக இருந்தால் சில பட்டறைகளில் பஞ்ச்சால் சுற்றிலும் புள்ளி குத்தி டைட் செய்வார்கள். இதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அந்தப் புள்ளிகளின் முனைகள் சில நாளில் நசுங்கி பேரிங் மறுபடியும் லூசாகும். ரோலர் சாய்ந்து, பெல்ட் ஓரத்துக்கு நகர்ந்து அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். பிறகு செய்யும் செலவுக்கு நீங்கள் முதலில் கேட்ட ரோலர் விலை ஒன்றுமே இல்லை. லூசான ரோலரைத் தூக்கிப் போடுங்கள்.

பெல்ட் இரண்டும் கண்டிப்பாகப் புதியதாக இருக்க வேண்டும். ஓடிய தூரம் குறைவு என்ற கணக்கு இங்கே செல்லாது, ரப்பருக்கு வயதும் கணக்கு. இந்தப் பழைய டுகாட்டிகளுக்கு இரண்டு வருடத்தில் பெல்ட் மாற்றுவது வழக்கம். புது பெல்ட்டை முறுக்காதீர்கள், உள்புறம் வெளியே தெரியும்படி மடக்காதீர்கள், எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். இறுக்கம் வைப்பது எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான். சூடானால் அலுமினிய எஞ்சின் விரிந்து பெல்ட் தானாகவே இறுகும். சூட்டில் சரியாக வைத்தால் குளிரும்போது தொளதொளக்கும். இறுக்க அளவை உங்கள் மாடலின் மேனுவலில் பார்த்து வையுங்கள், கை அழுத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைசியாக, பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையாலேயே கிராங்க் இரண்டு முழுச் சுற்று வரும்படி சுற்றுங்கள். எல்லா டைமிங் மார்க்கும் அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். எங்காவது கெட்டியாக இடித்தால் நிறுத்திவிட்டு ஆரம்பத்திலிருந்து பாருங்கள். அதுவரை சுவிட்ச்சைத் தொடக் கூடாது.

*

தங்கச்சிமடம் வாசகர்: அம்மா மீன் வியாபாரம் செய்கிறார். நான் பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரில் பின்னால் பெட்டி கட்டி பாம்பனில் இருந்து மீன் ஏற்றி வருவேன். கொஞ்ச நாளாக எஞ்சினின் இடது பக்கம் கடகடவென்று சத்தம். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் குறைகிறது, ஐட்லிங்கில் கூடுகிறது. டைமிங் கிட் முழுவதும் மாற்றி, போர் வேலையும் (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுவது) சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். மீன்பிடித் தடைக்காலம் வருகிறது, கையில் அவ்வளவு பணம் இல்லை.

தம்பி, முதலில் ஆயிலைப் பாருங்கள். இதைக் கேட்டதும் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் உங்கள் எஞ்சினில் டென்ஷனருக்கும் ஆயிலுக்கும் நேரடி உறவு இருக்கிறது.

ஸ்ப்ளெண்டரில் டைமிங் செயின் இடது பக்கம், மேக்னட்டுக்கு (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பின்னால் ஓடுகிறது. அதை இறுக்கிப் பிடிப்பது அடியிலிருந்து மேலே தள்ளும் ஒரு புஷ் ராடு. ராடின் தலையில் சின்ன ரப்பர் மூடி, அதற்குக் கீழே ஸ்பிரிங். அந்த ராடு ஒரு ஆர்மைத் தள்ளும், ஆர்மில் இருக்கும் ரப்பர் ரோலர் செயினைத் தள்ளும். ராடைச் சுற்றித் தங்கும் ஆயில்தான் அது குதிக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஆயில் குறைந்தாலோ, கரியாகிக் கெட்டியானாலோ ராடு துள்ளும், செயின் ஆடும், உங்களுக்குக் கேட்கும் அதே சத்தம் வரும். அதனால் ஆயில் மாற்றி, டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் இருப்பது) சரியாக வைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். டேப்பட் சத்தத்தை டைமிங் செயின் சத்தம் என்று நினைத்து எஞ்சினைத் திறந்தவர்கள் நிறையப் பேர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேளுங்கள். ஹெட்டின் மேலே மட்டும் டக் டக் என்றால் டேப்பட். இடது பக்கம் சிலிண்டர் நெடுகக் கீழ்வரை கடகடவென்றால் செயின்.

செயின்தான் என்றால், முதல் கட்டத்தில் ஹெட்டைத் திறக்கவே வேண்டாம். எஞ்சினின் அடியில் இடது பக்கம் ஒரு போல்ட் இருக்கிறது, அதைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் புஷ் ராடும் கீழே இறங்கும். ஆயிலை முன்பே வடித்துவிடுங்கள். உங்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. மீன் பெட்டியில் இருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் உப்பும் ஃபிரேம் வழியாக வந்து எஞ்சினின் அடியில்தான் தங்குகிறது. இரும்பு போல்ட்டும் அலுமினிய உடம்பும் உப்புத் தண்ணீரில் ஒன்றாக இருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து போல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். பலத்தைப் போட்டுத் திருகினால் போல்ட்டோடு மரையும் சேர்ந்து வந்துவிடும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் ஆயில் வடிக்கும் முன்பே எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, பிறகு வடித்துவிட்டு, பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, ஒரு நூல் தளர்த்தி ஒரு நூல் இறுக்கி, மெல்ல மெல்ல எடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் தலை உருண்டுவிடும். மரை போய்விட்டாலும் பயப்பட வேண்டாம், லேத்தில் ஹெலிகாயில் (புது மரையாகும் கம்பிச் சுருள்) போட்டுத் தருவார்கள்.

வெளியே வந்த ராடின் ரப்பர் தலை தேய்ந்து தட்டையாகியிருக்கும், அல்லது அங்கே இருக்கவே இருக்காது. அப்படியானால் பாதி நோய் இதுதான். ராடு, ரப்பர் தலை, ஸ்பிரிங், வாசர் இவ்வளவும் அசல் பாகமாக வாங்கினாலும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். ராடில் இருக்கும் ஆயில் துளையை ஊதிச் சுத்தம் செய்து, நல்ல ஆயிலில் முக்கி எடுத்துப் பொருத்துங்கள். போல்ட்டின் மரையில் லேசாக கிரீஸ் தடவிவிடுங்கள், அடுத்த முறை உங்களுக்கே உதவும்.

பழைய ஸ்பிரிங்கையே இழுத்து நீளமாக்கிப் போடுவதும், பின்னால் இரண்டு வாசர் கொடுத்து முட்டுக் கொடுப்பதும் நம் பக்கம் நடக்கிறது. சத்தம் அன்றைக்கே நின்றுவிடும் என்பதால் வண்டிக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் ரப்பர் ரோலரில் பள்ளம் விழும், செயின் நீளும், கேம் ஸ்ப்ராக்கெட்டின் பல் கூராகும். மிச்சம் பிடித்த பணம் சில மாதத்தில் பல மடங்காக வெளியே போகும். நான் செய்து தர மாட்டேன், யாரையும் செய்யச் சொல்லவும் மாட்டேன்.

புஷ் ராடு மாற்றியும் சத்தம் முழுசாகப் போகவில்லை என்றால் ரோலர்களும் செயினும் தேய்ந்திருக்கின்றன. அப்போது ஹெட் இறங்க வேண்டும், மேக்னட் கழற்ற வேண்டும். மேக்னட்டைப் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், சுத்தியலால் அடித்து எடுக்க யாரையும் விடாதீர்கள். அந்த நிலையில் செயினை மாற்றாமல் ரோலரை மட்டும் மாற்றுவது வீண். நீண்டுபோன செயினை எந்த டென்ஷனரும் குணப்படுத்தாது. ஸ்ப்ராக்கெட் பற்கள் கூராகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஆயில் ஸ்ட்ரெய்னரைக் கழுவும்போது கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் வரும், அவ்வளவும் தேய்ந்த ரோலரில் இருந்து வந்தவை. ஒன்றும் மிஞ்சாமல் எடுத்துவிட வேண்டும். மேக்னட்டின் டி மார்க்கும் கேம் ஸ்ப்ராக்கெட்டின் வட்ட மார்க்கும் பொருந்துகின்றனவா என்று மூடுவதற்கு முன் நீங்களும் எட்டிப் பாருங்கள்.

போர் வேலை தேவையா என்பதை சத்தத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. நீலம் கலந்த வெள்ளைப் புகை வருகிறதா, ஆயில் குறைகிறதா, கம்ப்ரஷன் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதில் இது எதுவும் இல்லை. அதனால் இப்போதைக்கு ராடு வேலையை மட்டும் செய்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில் உங்கள் வண்டிக்கும் ஓட்டம் குறைவுதான். பெரிய வேலை தேவைப்பட்டால் அப்போது திறந்துகொள்ளலாம், ஒரு நாள் வியாபாரமும் கெடாது. அதற்குள் மீன் பெட்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்து, தண்ணீர் எஞ்சின் பக்கம் வராமல் டியூப் ஒன்றால் பின்சக்கரத்துக்கு வெளியே இறக்கிவிடுங்கள். எல்லாவற்றையும்விட இதுதான் உங்கள் வண்டிக்கு நீண்ட ஆயுள் தரும்.

*

பெரியபட்டினம் வாசகர்: ஸ்ப்ளெண்டரின் டைமிங் செயினைத் தள்ளும் ரப்பர் ரோலரை லேத்தில் நைலானில் கடைந்து போட்டால் தேயாமல் உழைக்கும் என்கிறார்களே?

இந்தக் கேள்வி பல வருடமாக வருகிறது. ரப்பர் தேய்கிறது என்பது குறை இல்லை, செயினின் அடியை வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. அதைவிடக் கெட்டியான பொருளைப் போட்டால் அடி செயினுக்குத் திரும்பும், சத்தமும் கூடும். கடையில் கிடைக்கும் நைலான் கம்பி எந்த ரகம், எஞ்சின் சூட்டையும் ஆயிலையும் எவ்வளவு தாங்கும் என்று கடைந்து தருகிறவருக்கும் தெரியாது. உருகியோ உடைந்தோ உள்ளே விழுந்தால் செயின் மாட்டி நின்றுவிடும். ஸ்ப்ளெண்டர் ரோலர் எல்லா ஊரிலும் கிடைக்கிற மலிவான சாமான். பாகமே கிடைக்காத வண்டிக்கு லேத்தை நாடலாம், இதற்கு வேண்டாம்.

*

இராமேஸ்வரம் வாசகர்: அப்பா வைத்திருந்த கைனடிக் ஹோண்டாவைத் திரும்ப ஓட்டத் தயார் செய்கிறேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இழுவை இல்லை, பெல்ட் வழுக்குகிறது. இதன் பெல்ட் டென்ஷனர் எங்கே இருக்கிறது?

அப்படி ஒன்று தனியாக இல்லை. பெல்ட்டை இறுக்குவது பின்பக்க புல்லியில் கிளட்ச்சோடு சேர்ந்திருக்கும் பெரிய ஸ்பிரிங். முன் புல்லிக்குள் இருக்கும் உருளை எடைகள் வேகத்துக்கு ஏற்ப வெளியே ஒதுங்கிப் புல்லியை நெருக்கும், பின் புல்லி ஸ்பிரிங்கை எதிர்த்து விரியும். அதனால் கவரைத் திறந்து மூன்று இடம் பாருங்கள். பெல்ட்டின் பக்கவாட்டு முகம் கண்ணாடி போல மினுங்கினாலோ, அடியில் வெடிப்பு இருந்தாலோ பெல்ட்டை மாற்றுங்கள். உருளை எடைகள் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் வைத்து உயரம் ஒப்பிடுங்கள், குட்டையாக இருந்தால் அதுவும் போனதுதான்.

தனுஷ்கோடி சாலையில் ஓட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அரிச்சல்முனைப் பக்கம் காற்றில் வரும் மெல்லிய மணல் கவரின் காற்றுத் துளை வழியாக உள்ளே போய்ப் புல்லி முகத்தை அரம் போல ராவிவிடும். உள்ளே மணலைப் பார்த்தால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவாதீர்கள், புல்லி முகத்தில் எண்ணெய்ப் பசை தங்கினால் மறுபடியும் வழுக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்துக் காய விடுங்கள். கவரின் ரப்பர் ஓரம் காய்ந்து வெடித்திருந்தால் அதைப் புதிதாகப் போட்டால்தான் பெல்ட் பிழைக்கும்.

*

வாலிநோக்கம் வாசகர்: உப்பளத்தில் வேலை. டிவிஎஸ் எக்ஸ்எல் சக்கர பேரிங் அடிக்கடி போகிறது. கிரீஸ் அடைத்துக்கொண்டே இருக்கிறேன், பயன் இல்லை.

சீல் இல்லாத பேரிங்கில் எவ்வளவு கிரீஸ் அடைத்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அதே எண்ணில் 2ஆர்எஸ் கேட்டு வாங்கிப் போடுங்கள், பக்கத்தில் இருக்கும் ஆயில் சீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

தினமும் கழுவுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தண்ணீரில் என்று எழுதவில்லை. நம் பக்கத்து போர் தண்ணீரில் கழுவினால் உப்பின் மேல் உப்பைப் பூசுகிறீர்கள். காவிரித் தண்ணீர் குடிக்கவே போதாத ஊரில் அதை வண்டிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. அரை வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்து, சக்கர நடுவும் எஞ்சின் அடியும் மட்டும் துடைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை வெளியே நிறுத்துங்கள், தகரத்துக்கும் பேரிங்குக்கும் அதைவிட நல்ல குளியல் இல்லை. நனைந்த பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி காய வைத்துவிட்டு நிறுத்துங்கள்.

*

தேவிபட்டினம் வாசகர்: ஆர்எக்ஸ் 100க்கு டைமிங் செயின் டென்ஷனர் மாற்ற வேண்டும் என்று பணம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். அது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் கேம்ஷாஃப்ட் தள்ளித் திறக்கும் வால்வும் இல்லை, கேம்ஷாஃப்ட்டும் இல்லை, டைமிங் செயினும் இல்லை. சத்தம் வருவது உண்மையானால் பிஸ்டன், கனெக்டிங் ராடு பேரிங், கிராங்க் பேரிங் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள், வேறு பட்டறையில்.

*

தொண்டி வாசகர்: என்னிடம் இருப்பது வலது பக்கம் கியர் உள்ள பழைய புல்லட். இதற்கும் டைமிங் செயின் கிடையாது என்று தெரியும். ஆனால் இடது பக்கக் கவருக்குள் செயின் அடிக்கும் சத்தம் கேட்கிறது. அதற்குள் ஒரு டென்ஷனர் இருப்பதாகச் சொல்கிறார்களே?

சரியாகச் சொன்னீர்கள். உங்கள் எஞ்சினில் வால்வைத் தூக்குவது புஷ் ராடுகள். இடது கவருக்குள் ஓடுவது எஞ்சினில் இருந்து கிளட்ச்சுக்குப் போகும் ப்ரைமரி செயின். அதற்குக் கீழே ஒரு வளைந்த பட்டை செயினைத் தாங்கிப் பிடிக்கிறது. போல்ட்டைத் திருகினால் பட்டை மேலே ஏறிச் செயின் இறுகும். செலவே இல்லாமல் சரிசெய்யக் கூடிய டென்ஷனர் இது. இப்படி வெளிப்படையாக, கையால் தொட்டுப் புரிந்துகொள்ளும்படி செய்திருப்பதால்தான் அந்தப் பழைய புல்லட் மேல் எனக்கு இன்னும் மரியாதை.

கவர் நடுவில் இருக்கும் ஒரே நட்டில்தான் நிற்கிறது. கீழே தட்டு வைத்துவிட்டுக் கழற்றுங்கள், உள்ளே ஆயில் இருக்கும். செயினின் மேல் பக்க நடுவை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், சுமார் கால் அங்குலம் ஆட்டம் இருக்கலாம். ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவு நீள்வதில்லை. எஞ்சினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, எங்கே மிகவும் இறுகுகிறதோ அந்த இடத்தில் கால் அங்குலம் வையுங்கள். லாக் நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை ஆட்டிப் பாருங்கள், இறுக்கும்போது அளவு மாறியிருக்கும். போல்ட்டை முழுக்க ஏற்றியும் ஆட்டம் குறையவில்லை என்றால் பட்டை தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது, அல்லது செயின் முடிந்துவிட்டது. பட்டை மட்டும் தனியாகக் கிடைக்கும், பழைய புல்லட் சாமான் வைத்திருக்கும் கடைகளில் கேளுங்கள். கவரை மூடும்போது ஓரத்தில் வரும் ரப்பர் சீலைப் புதிதாகப் போட்டு, நடு நட்டை அளவோடு இறுக்குங்கள். ஒழுகுகிறதே என்று நட்டை மேலும் மேலும் இறுக்கினால் கவர் குழிந்து, ஓரம் தூக்கிக்கொண்டு இன்னும் அதிகமாக ஒழுகும்.